முதலாம் ஆண்டு முடிவில் ரெசிடென்சி மாறுவதா, இருந்த இடத்திலேயே முடிப்பதா?

கேள்வி: பரந்தன் வைத்தியர்

வணக்கம். யாழ்ப்பாணம் மருத்துவ பீடத்தில் படித்து, உள்ளகப் பயிற்சியை முடித்து, கிளிநொச்சி வைத்தியசாலையில் மருத்துவ விடுதியில் இரண்டு வருடங்கள் வேலை செய்தவன் நான். கடந்த யூலை 1ஆம் திகதியில் இருந்து அமெரிக்காவில் இன்டேர்னல் மெடிசின் (பொது மருத்துவம்) ரெசிடென்சி, அதாவது வைத்தியசாலையில் வேலை செய்துகொண்டே பெறும் நிபுணத்துவப் பயிற்சி, செய்துவருகிறேன். மூன்று வருடப் பயிற்சியில் முதலாவது வருடம் நடக்கிறது. வெளிநாட்டவர் பயிற்சிக்காக வரும் ஜே-1 விசாவில் இருக்கிறேன். இப்பொழுது மூன்று கிழமை விடுமுறையில் பரந்தனில் வீட்டில் நிற்கிறேன். காலபோக அறுவடை நடப்பதால் இரவிலும் வயலில் இயந்திரம் இரைந்துகொண்டிருக்கிறது. நித்திரை வராது என்று தெரிந்த பிறகு இதை எழுதத் தொடங்கினேன்.

நான் பயிற்சி பெறும் வைத்தியசாலை சிறியது, பெயர் வேண்டாம். நோயாளிகளுக்குக் குறைவில்லை, கற்பித்தலுக்குத்தான் குறைவு. மதிய வகுப்பு கிழமைக்கு ஐந்து நாட்கள் என்று அட்டவணையில் இருக்கும், நடப்பது இரண்டு நாட்கள். நவம்பரில் ஓர் இரவு ஆறு புதிய நோயாளிகளை அனுமதித்தேன். கடைசியாக வந்த மூதாட்டியின் இரத்தப் பொட்டாசியம் ஆபத்தான அளவில், 6.8 என்று வந்ததால் கட்டிலருகிலேயே நின்று, காலை ஏழு மணிக்கு ஒப்படைக்க வேண்டிய விடுதியைப் பத்தே முக்காலுக்கு ஒப்படைத்தேன். செய்த நேரத்தை அப்படியே கணினியில் பதிந்தேன். மறுநாள் தலைமை ரெசிடென்ட் அழைத்து, நான்கு கிழமைச் சராசரி 80 மணித்தியாலத்தைத் தாண்டிக் காட்டுவதால் பதிவைத் திருத்திவிடும்படி சொன்னார். திருத்தினேன். அது இன்றுவரை உறுத்துகிறது.

இந்த நிலையில், வேறொரு மாநிலத்தில் பெரிய பல்கலைக்கழக வைத்தியசாலை ஒன்றில் இருக்கும் என் பட்ச் நண்பன், அங்கே ஒருவர் மயக்க மருத்துவத்துக்குப் போவதால் வரும் யூலையில் இரண்டாம் ஆண்டு இடமொன்று வெறுமையாகிறது என்று சொன்னான். காணொளியில் ஒரு நேர்முகமும் நடந்துவிட்டது. எடுப்பார்கள் போலத்தான் தெரிகிறது. ஆனால் என் இப்போதைய புரோகிராம் டைரக்டரின் (பயிற்சிக்குப் பொறுப்பானவரின்) கடிதம் வேண்டும் என்கிறார்கள். அவருக்கு இதுபற்றி எதுவும் தெரியாது. என்னிடம் நல்ல மனிதராக நடந்துகொண்டவர் என்பதால் சொல்ல வாய் வரவில்லை.

எனக்கு இதய மருத்துவம்தான் படிக்க வேண்டும். கிளிநொச்சியில் வேலை செய்த காலத்தில், மாரடைப்போடு வருபவர்களுக்கு இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஸ்ரெப்ரோகைனேஸ் ஏற்றிவிட்டு, அம்புலன்சில் ஏறி, ஆனையிறவு தாண்டி யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலை வரும்வரை ஈசிஜித் திரையையே பார்த்துக்கொண்டு போன பயணங்கள் இதற்குக் காரணம். அம்மாவிடம் இந்த மாற்றத்தைச் சொன்னபோது அவர், "விட்டிட்டு ஓடுறியா, இல்லாட்டி இடம் மாறுறியா?" என்று கேட்டார். 2009க்கு முன்னர் எத்தனையோ தடவை மூட்டை கட்டியவர் கேட்கும் கேள்வி அது. எனக்குப் பதில் தெரியவில்லை. அனுபவமுள்ளவர்கள் வழி சொல்லுங்கள்.

பதில் 1: முள்ளியவளை அண்ணா

தம்பி, நானும் முதலாம் ஆண்டு முடிவில் மாறியவன்தான். ஆகவே முதலில் நான் செய்த பிழையைச் சொல்கிறேன்.

டைரக்டரிடம் சொல்வதை மூன்று கிழமை தள்ளிப்போட்டேன். கடைசியில் அவருடைய அறைக்குப் போய்க் கதவைத் தட்டியபோது, "நீ வருவாய் என்று எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன்" என்றார். புதிய இடத்தின் டைரக்டர் அதற்கு முதல் நாளே அவரைத் தொலைபேசியில் அழைத்திருந்தார். ஒரே துறையில் இருபது வருடங்களாக மாநாடுகளில் சந்தித்துக்கொள்பவர்கள் அவர்கள். கடிதம் தந்தார், ஆனால் அந்த மூன்று கிழமையின் குளிர், யூன் முடியும்வரை அவருடைய பேச்சில் இருந்தது.

இதில் மரியாதைப் பிரச்சினையை விடப் பெரியது ஒன்று இருக்கிறது. பயிற்சி நிலையங்களை அங்கீகரிக்கும் ஏசிஜிஎம்இயின் விதிப்படி, இடம் மாறிவரும் ரெசிடென்டை ஏற்பதற்கு முன்னர் புதிய நிலையம் அவருடைய முந்திய பயிற்சியின் உறுதிப்படுத்தலையும், திறன்களைப் பற்றிய தொகுப்பு மதிப்பீட்டையும் பழைய நிலையத்திடம் பெற்றாக வேண்டும். அதாவது யாரிடமிருந்து விலக நினைக்கிறீர்களோ அவர் எழுதித் தராமல் நீங்கள் எங்கும் போக முடியாது. ஆகவே அவருக்குத் தெரியாமல் போகும் பாதையைத் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள்.

ரெசிடென்சி இடங்களைப் பகிர்ந்தளிக்கும் மேட்ச் முறையின் ஒப்பந்தம் இனி உங்களைக் கட்டாது; பயிற்சி தொடங்கிய நாளில் இருந்து 45 நாட்கள் கடந்தாயிற்று. விசாவைப் பொறுத்தவரை, வெளிநாட்டில் படித்த வைத்தியர்களுக்கு ஜே-1 அனுசரணை தரும் ஈசிஎஃப்எம்ஜி அமைப்பின் அனுசரணை வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுவதால், யூலையில் மாறுவது அந்தப் புதுப்பித்தலோடு சேர்ந்தே வரும். புதிய ஒப்பந்தம் கையெழுத்தாகி, அவர்களுடைய அனுமதியும் வரும்வரை பழைய இடத்தில் இராஜினாமாக் கடிதம் கொடுக்கவே வேண்டாம். துறையையே மாற்றுவதானால் ஜே-1 விசாவில் ஒரேயொரு முறைதான் முடியும், அதுவும் முதல் இரண்டு வருடங்களுக்குள், சுகாதார அமைச்சின் கடிதத்துக்காக மறுபடியும் கொழும்பில் அமைச்சு இருக்கும் சுவசிரிபாய வாசலில் நிற்கவும் வேண்டும். நீங்கள் இன்டேர்னல் மெடிசினிலேயே இருப்பதால் அந்த அலைச்சல் இல்லை. மாநிலம் மாறுவதால் அங்குள்ள மருத்துவ வாரியத்தின் பயிற்சி உரிமத்துக்குப் புதிதாக விண்ணப்பிக்க வேண்டிவரும். யாழ்ப்பாணத்துச் சான்றிதழ்களின் உறுதிப்படுத்திய பிரதிகளை, வீட்டில் நிற்கும்போதே எடுத்து வையுங்கள். எனக்கு அதற்கே ஆறு கிழமை போயிற்று.

பதில் 2: வவுனியா பொது வைத்திய நிபுணர்

தம்பி, நான் அமெரிக்காவில் படித்தவன் அல்லன். கொழும்பில் பட்டப்பின் மருத்துவ நிறுவகத்தின் ஊடாக எம்.டி. முடித்தவன். ரெஜிஸ்ட்ராராக இருந்த காலத்தில் நானும் இடம் மாற விரும்பி, மாறாமல் இருந்துவிட்டேன். அதனால் முந்திய பதிலில் விடுபட்ட பக்கத்தைச் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

உங்கள் கேள்வியில் இரண்டு குறைகள் ஒன்றாகக் கட்டப்பட்டிருக்கின்றன. வகுப்பு நடக்காதது ஒன்று. நேரப் பதிவைத் திருத்தச் சொன்னது மற்றொன்று. முதலாவதை ஓரளவுக்கு நீங்களே ஈடுசெய்யலாம். நிபுணர்கள் குறைந்த இடத்தில் கைப்பழக்கம் கூடும் என்பது வன்னியில் வேலை செய்த உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இரண்டாவதை அப்படிச் சகித்துக்கொண்டு இருக்கச் சொல்ல மாட்டேன். ஏசிஜிஎம்இ வருடாந்தம் ரெசிடென்டுகளிடம் நடத்தும் கருத்தாய்வு இந்த மாதங்களில்தான் வரும். முறைப்பாடுகளைப் பெறவும் அவர்களிடம் தனிப் பிரிவு உண்டு. நீங்கள் போனாலும் இருந்தாலும், அந்தப் பதிவு திருத்தப்பட்டதை டைரக்டர் உங்கள் வாயால் கேட்க வேண்டும். அவருக்கே தெரியாமல் நடந்திருக்கவும் கூடும்.

இனி நீங்கள் கேட்காத ஒரு கணக்கு. ஜே-1 வைத்தியர்களுக்குப் பயிற்சிக் காலத்தின் உச்ச எல்லை 7 வருடங்கள். இன்டேர்னல் மெடிசின் 3, இதய மருத்துவம் 3, ஆக 6. அம்புலன்ஸ் கதையைப் படித்தபோது, உங்களுக்கு வேண்டியது இரத்தக் குழாய் அடைப்பை உள்ளே போய்த் திறக்கும் வேலை என்று விளங்கியது. அதற்கு மேலும் 1 வருடம். சரியாக 7. புதிய இடத்தார் உங்கள் முதலாம் ஆண்டை முழுமையாக ஏற்காமல் மறுபடியும் முதலாம் ஆண்டில் இருத்தினால், இதய மருத்துவம் முடியும்போதே 7 வருடங்கள் தீர்ந்துவிடும். கடைசி வருடத்துக்கு இடமிராது. வெறுமையாவது இரண்டாம் ஆண்டு இடம் என்று நண்பர் சொன்னது போதாது. எந்த ஆண்டில் சேர்க்கிறார்கள் என்பதை ஒப்பந்தத்தில் எழுத்தில் பாருங்கள்.

சிபாரிசுக் கடிதங்களையும் யோசியுங்கள். இதய மருத்துவத்துக்கான விண்ணப்பம் மூன்றாம் ஆண்டின் தொடக்கத்திலேயே போய்விடும் என்பதால், புதிய இடத்துப் பேராசிரியர்களுக்கு உங்களைத் தெரிந்துகொள்ள ஒரு வருடம்தான் கிடைக்கும். போவதானால் முதல் மாதங்களிலேயே இதய விடுதிச் சுழற்சியைக் கேட்டு வாங்குங்கள்.

எல்லாம் முடிந்து இரண்டு வருடங்கள் நாட்டுக்குத் திரும்ப வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு. அங்கே வைத்தியர் குறைந்த பிரதேசமொன்றில் மூன்று வருடம் வேலை செய்து விலக்குப் பெறுவார்கள், ஒரு மாநிலத்துக்கு வருடம் 30 பேர் என்ற கணக்கில். வைத்தியர் குறைந்த பிரதேசம் என்றால் எங்களிடமும் இருக்கிறது என்பதைச் சும்மா ஞாபகப்படுத்துகிறேன்.

பதில் 3: வட்டக்கச்சி அக்கா

நான் அமெரிக்காவில் ஃபமிலி மெடிசின் (குடும்ப மருத்துவம்) ரெசிடென்சியில் இருந்தேன். எங்கள் துறைக்கு நிபுணர் சான்றிதழ் தரும் வாரியத்தின் விதிப்படி கடைசி இரண்டு வருடங்களையும் ஒரே இடத்தில் செய்ய வேண்டும். ஆகவே முதலாம் ஆண்டு முடிவோடு வாய்ப்பு முடிந்துவிடும் என்று தெரிந்தே, போகாமல் நின்றேன். காரணத்தை ஒளிக்காமல் சொன்னால், டைரக்டரின் முகத்தைப் பார்த்துச் சொல்லும் துணிவு எனக்கு இருக்கவில்லை. ஆனால் எல்லோரிடமும் "நோயாளிகளை விட்டுவர மனமில்லை" என்று சொல்லித் திரிந்தேன். அடுத்த வருடம் புதிதாக வந்த இரண்டு ஆசிரியர்களால் அந்த இடம் திருந்தியது என் நல்ல காலம். உங்களுடைய தயக்கத்திலும் அந்த மாதிரியான பயம் எவ்வளவு கலந்திருக்கிறது என்று பாருங்கள்.

பரந்தன் வைத்தியர் (ஒன்பது நாட்களுக்குப் பின்னர்)

அண்ணா, சேர், அக்கா, மூவருக்கும் நன்றி. அக்கா சொன்ன பயம் என்னிடம் பாதிக்கு மேல் இருந்தது.

திரும்பிப் போன பிறகு சொல்லலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு முள்ளியவளை அண்ணாவின் மூன்று கிழமையை நினைத்து, மின்னஞ்சலில் நேரம் கேட்டேன். அங்கே காலை எட்டு மணி, இங்கே பின்னேரம் ஆறரை. விறாந்தையில் இருந்துதான் கதைத்தேன். நடுவில் மின்சாரம் போனதால் மீதியைக் கைத்தொலைபேசியில் இருட்டுக்குள் கதைக்க வேண்டியதாயிற்று. முகம் தெரியாமல் போனது எனக்கு வசதியாகவே இருந்தது. மாறும் எண்ணத்தைச் சொன்னேன், கடிதம் எழுதித் தருவதாகச் சொன்னார். அதற்குப் பிறகு நவம்பர் மாதப் பதிவைப் பற்றிச் சொன்னேன். சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, திருத்துவதற்கு முன்னர் நான் பதிந்த நேரங்களை ஞாபகத்தில் இருந்து எழுதி அனுப்பச் சொன்னார். அன்றிரவே அனுப்பினேன்.

சேர் சொன்ன கணக்கைப் புதிய இடத்துக்கு நேரடியாகவே எழுதிக் கேட்டேன். மதிப்பீடு கைக்கு வந்த பிறகுதான் எந்த ஆண்டு என்று ஒப்பந்தத்தில் எழுதுவார்களாம். இரண்டாம் ஆண்டு என்று வந்தால் போகிறேன். முதலாம் ஆண்டு என்று வந்தால் இருந்த இடத்திலேயே முடிக்கிறேன். அம்மாவிடம் இவ்வளவையும் சொன்னேன். "அப்ப பேப்பர் வரட்டும்" என்றுவிட்டு நெல்லுக் காயவிடப் போய்விட்டார்.