சோடா ரொட்டியின் நடுப்பகுதி வேகவில்லை
அயர்லாந்தின் கார்க் நகரில் இருக்கிறேன். மூன்று வாரங்களில் ஐந்து முறை சோடா ரொட்டி (ஈஸ்ட் இல்லாமல் சமையல் சோடாவால் உப்பும் ரொட்டி) சுட்டேன். ஐந்திலும் நடுப்பகுதி களி. மேலோடு நன்றாகச் சிவக்கிறது, அடியைத் தட்டினால் வெந்த ஓசைதான் கேட்கிறது. அறுத்தால் கத்தியில் மாவு ஒட்டுகிறது.

மைதா 450 கிராம், சமையல் சோடாவும் உப்பும் ஒவ்வொரு தேக்கரண்டி, கடையில் வாங்கிய கெட்டி மோர் 400 மில்லி. விசிறி உள்ள மின்சார ஓவன். 230 டிகிரியில் 15 நிமிடம், பிறகு 200இல் 30 நிமிடம்.

புதிய சோடா வாங்கினேன். சுடுவதற்கு முன் மாவின் மேல் போடும் சிலுவைக் கீறலை ஆழமாக்கினேன். மாவைப் பிசையாமல் விரல்களால் கூட்டியதோடு நிறுத்தினேன் (சப்பாத்திக்குப் பழகிய கைக்கு அது பெரிய தண்டனை). பத்து நிமிடம் கூடுதலாக விட்டதில் மேலோடுதான் கல்லானது.

மோரைக் குறைப்பதா, விசிறியை நிறுத்திச் சுடுவதா, முதலில் எதை மாற்ற வேண்டும்?