எடையைக் குறைக்கச் சொன்ன பிறகு என் மகள் சரியாகச் சாப்பிடுவதில்லை

கேள்வி (சூரமங்கலத்திலிருந்து ஒரு தாய்):
பதினொன்றாம் வகுப்பில் படிக்கும் என் மகள் 3000 மீட்டர் ஓட்டக்காரி. நாள்தோறும் காலையில் காந்தி மைதானத்திலும், ஞாயிற்றுக்கிழமைகளில் ஏற்காடு மலைப்பாதையின் முதல் சில கொண்டை ஊசி வளைவுகளிலும் ஓடிப் பயிற்சி செய்கிறாள். நான்கு மாதங்களுக்கு முன் பயிற்சியாளர், மற்ற பிள்ளைகளின் முன்னிலையில், இரண்டு கிலோ குறைந்தால் ஓடும் நேரமும் தானாகக் குறையும் என்று சொல்லியிருக்கிறார். அன்றிலிருந்து இரவுச் சாப்பாட்டை நிறுத்திவிட்டாள். ஒரு நாளில் மூன்று முறை எடை பார்க்கிறாள். மூன்று மாதங்களாக மாதவிடாய் வரவில்லை. கேட்டால், ஓடுகிறவர்களுக்கு இது சகஜம் என்கிறாள். உறவினர் வீட்டு விசேஷத்திற்குப் போனாலோ, "கறுத்துப்போய் ஆம்பளைப் பையன் மாதிரி ஆயிட்டாளே" என்கிறார்கள். இப்போது எந்த விசேஷத்திற்கும் வர மறுக்கிறாள். ஓட்டத்தையே நிறுத்திவிடலாமா?

மறுமொழி 1 (முன்னாள் 800 மீட்டர் ஓட்டக்காரி):
நிறுத்திவிடாதீர்கள் அக்கா, அவளுக்கு அது தண்டனையாகத்தான் தோன்றும். நானும் இப்படித்தான் இருந்தேன். எடை குறைந்த முதல் இரண்டு மாதங்களில் என் நேரம் உண்மையிலேயே குறைந்தது, அதுதான் என்னை ஏமாற்றியது. பிறகு கெண்டைக்கால் எலும்பில் மயிரிழை விரிசல் விழுந்து ஒரு பருவம் முழுவதும் வீட்டில் கிடந்தேன்.

மறுமொழி 2 (இயன்முறை மருத்துவர்):
மாதவிடாய் நிற்பது சகஜம் அல்ல. பயிற்சியில் செலவாகும் ஆற்றலுக்கு ஈடாக உணவு சேராதபோது, உடல் முதலில் இனப்பெருக்கச் சுரப்புகளைக் குறைத்துக்கொள்கிறது. ஈஸ்ட்ரோஜன் குறைவதால் எலும்பின் அடர்த்தியும், அதனுடன் மனநிலையும் தூக்கமும் பாதிக்கப்படுகின்றன. சர்வதேச ஒலிம்பிக் குழு 2014ஆம் ஆண்டு முதல் இதைத் தனி நோய்க்குறித் தொகுப்பாகவே விளக்கிவருகிறது. மூன்று மாதங்கள் ஆகிவிட்டதால் மகப்பேறு மருத்துவரிடம் தாமதிக்காமல் காட்டுங்கள். மாத்திரையால் ரத்தப்போக்கை வரவழைத்துவிட்டால் சரியாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். உணவு கூடாமல் எலும்பு தேறாது. மனநல ஆலோசனைக்கு 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

மறுமொழி 3 (ஒரு தந்தை):
எல்லாப் பழியையும் பயிற்சியாளர் மேல் போடுவது சரியா? 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 100 கிராம் எடை கூடியதற்காக மல்யுத்த வீராங்கனை வினேஷ் போகாட் இறுதிப் போட்டியையே இழந்தாரே.

மறுமொழி 1, மீண்டும்:
மல்யுத்தத்தில் எடைப்பிரிவு இருக்கிறது ஐயா. ஓட்டத்தில் அப்படி எந்தப் பிரிவும் இல்லை. தராசில் ஏற்றிப் பார்த்து யாரும் பதக்கம் கொடுப்பதில்லை. சொல்ல வேண்டியிருந்தாலும், பத்துப் பேர் முன்னால் சொல்லியிருக்க வேண்டாம்.

கேள்வி கேட்டவர்:
எல்லோருக்கும் நன்றி. வியாழக்கிழமை மருத்துவரைப் பார்க்கப் போகிறோம். பயிற்சியாளரிடம் தனியாகப் பேசினேன். அவர் முகம் வாடிவிட்டது, இனி எடையைப் பற்றிப் பேசுவதானால் என்னிடம்தான் பேசுவேன் என்றார். எடைக்கருவியைப் பரண்மேல் ஏற்றிவிட்டேன். அவள் தேடவில்லை என்று சொல்ல மாட்டேன், தேடினாள். ஆனால் நேற்று இரவு இரண்டு தோசை சாப்பிட்டாள்.