‘அறியா வாக்குமூலம்’: பர்லிங்குக்கு ஒரு கலைச்சொல்

அன்புள்ள நண்பர்களுக்கு,

நம் கலைச்சொல் தொகுப்புக்காக, பர்லிங் போன்ற நாடகப் பாத்திரத்தையும் அவர் பேச்சில் உள்ள உத்தியையும் எப்படி அழைப்பது என்று தேடியபோது எழுந்த கேள்வி இது:

> ‘எதிர்நாயகன்’ போதாதா? இல்லையென்றால் ‘தன்னல முதலாளி’ எனலாமே.

போதாது. இரண்டும் ஆளின் குணத்தோடு நின்றுவிடுகின்றன. ஜே. பி. பிரீஸ்ட்லியின் ‘அன் இன்ஸ்பெக்டர் கால்ஸ்’ நாடகத்தில் ஆலை முதலாளி ஆர்தர் பர்லிங் சட்டத்தை மீறவில்லை. மேயராக இருந்தவர், ‘சர்’ பட்டத்துக்குக் காத்திருப்பவர். அவரைக் கெட்டவர் என்று சொல்லி முடித்தால், நல்ல முதலாளி வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றாகிறது. நாடகத்தின் வழக்கு அதுவல்ல.

கூலிக் காட்சியைப் பாருங்கள். வாரம் இருபத்திரண்டரை ஷில்லிங் வாங்கும் பெண்கள் 25 கேட்கிறார்கள். பர்லிங் மறுக்கிறார். வேலைநிறுத்தம் சீக்கிரமே ஓய்கிறது. முன்னின்ற நாலைந்து பேருக்கு வேலை போகிறது, அவர்களில் ஒருத்தி ஈவா ஸ்மித். அவள் நல்ல வேலைக்காரி, பதவி உயர்வு தருவதாக இருந்தோம் என்பதையும், பின்னாளில் அவள் செய்துகொண்ட தற்கொலையை விசாரிக்க வரும் இன்ஸ்பெக்டரிடம் பர்லிங்கே சொல்கிறார். கேட்டதைக் கொடுத்திருந்தால் கூலிச்செலவு சுமார் 12 விழுக்காடு ஏறியிருக்கும், அதை ஏறவிடாமல் பார்ப்பது தன் கடமை என்கிறார். கடமை! ஒவ்வொரு முறை படிக்கும்போதும் என்னை உலுக்கும் சொல் இது. பேராசையை ஒளித்துவைக்க அவர் அதைச் சொல்லவில்லை, மனமார நம்பிச் சொல்கிறார். முதலாளித்துவத்தின் விதி கலப்படமில்லாமல் அவர் வாயிலிருந்தே வந்து விழுகிறது.

இதை ‘நாடக முரண்’ (பாத்திரம் அறியாததைப் பார்வையாளர் அறிந்திருப்பது) என்பதில் அடக்க முடியாது. டைட்டானிக் மூழ்கவே மூழ்காது என்று அவர் பேசுவது நாடக முரண்தான். கதை நடப்பது 1912இல், மேடையேறியது 1945இல், கப்பலின் கதி அரங்கில் எல்லோருக்கும் தெரியும். கூலிப் பேச்சில் அப்படி நமக்கு மட்டும் தெரிந்த சேதி ஏதுமில்லை.

ஆகவே என் பரிந்துரை ‘அறியா வாக்குமூலம்’. நீதிமன்றத்தில் குற்றத்தை ஏற்றுக்கொண்டால் அது ஒப்புதல் வாக்குமூலம். பர்லிங் எதையும் ஏற்றுக்கொள்ளவில்லை. கூண்டில் நிற்கிறோம் என்பதே தெரியாமல், தான் போற்றும் அமைப்புக்கு எதிராகச் சாட்சி சொல்லிவிடுகிறார்.

‘நுணலும் தன் வாயால் கெடும்’ என்பதை வைத்து ‘நுணல்மாந்தர்’ என்று ஒரு நண்பர் தந்த சொல் அழகானது. ஆனால் பர்லிங் கெடவில்லையே! ஆலை அவருடையதாகவே இருக்கிறது. கெட்டது ஈவா.

ஆர்தர் மில்லரின் ‘ஆல் மை சன்ஸ்’ நாடகத்தை வைத்தும் இச்சொல்லைச் சோதித்தேன். ஜோ கெல்லர் விரிசல் விட்ட விமான உதிரிபாகங்களை அனுப்பவைத்து, 21 விமானிகள் இறந்தபின் பழியைக் கூட்டாளிமேல் போடுகிறார். போரில் காசு வாங்காமல் யார் எதை அனுப்பினார்கள் என்று பின்னர் அவர் வாதாடுகிறார். அது குற்றம் தெரிந்தவரின் தற்காப்பு. இறந்தவர்களும் தன் பிள்ளைகளே என்று கடைசியில் உணர்வது ஒப்புதல். இரண்டுமே அறியா வாக்குமூலம் ஆகா.

உத்திக்கு இந்தப் பெயர் என்றால், பாத்திரத்துக்கு ‘அறியாச் சாட்சி’ பொருந்தும். ‘அறியா’ ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம், எனவே ‘ச்’ மிகும். தொகுப்பில் ஒற்று விடுபடாமல் சேர்க்க வேண்டுகிறேன்.