முன் வலது ஆர்ம் மட்டும் ஐந்து வாரத்தில் நான்கு முறை உடைந்துவிட்டது, உதவுங்கள்

கேள்வி

வணக்கம் நண்பர்களே. என்னுடையது ரிமோட் கண்ட்ரோலில் ஓடும் 1/10 அளவு ஷார்ட் கோர்ஸ் டிரக் (மண் தடத்தில் ஓட்டும் பந்தய டிரக்கின் சிறு மாதிரி). பின்சக்கர டிரைவ், பிரஷ்லெஸ் மோட்டார். கிட்டாக வாங்கி நானே பூட்டியது. முதல் இரண்டு மாதம் ஒரு ஸ்க்ரூ கூடப் போகவில்லை. அதற்குப் பிறகு ஐந்து வாரத்தில் முன் வலது சஸ்பென்ஷன் ஆர்ம் (சக்கரத்தை வண்டியோடு இணைத்து மேலும் கீழும் அசையும் கை) நான்கு முறை உடைந்துவிட்டது. இடது பக்கத்தில் கிட்டோடு வந்த ஆர்ம்தான் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஓட்டுவது இறுகிய களிமண் தடம், மேலே லேசாகத் தூசி. வளைவுகளின் ஓரத்தில் பிளாஸ்டிக் குழாய் பதித்திருக்கிறார்கள். ஒரு டபுள் ஜம்ப்பை (அடுத்தடுத்த இரண்டு மேடுகளை) ஒரே தாவலில் தாண்டி இறங்கியதும் இடது வளைவு வரும். மூன்று முறை அங்கேதான் வண்டி அகலமாகப் போய் வெளிப்பக்கக் குழாயில் இடித்தது. நான்காவது முறை எதிலும் இடிக்கவே இல்லை. ஜம்ப்பிலிருந்து தரையில் விழுந்ததும் ஆர்ம் முறிந்துவிட்டது. அதுதான் எனக்குப் புரியவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பிரச்சினை தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்புதான் 2எஸ் லிப்போவிலிருந்து (இரண்டு செல் லித்தியம் பேட்டரி) 3எஸ்ஸுக்கு (மூன்று செல்) மாறினேன். அலுமினிய ஆர்ம் போட்டுவிடலாமா என்று யோசிக்கிறேன். ஒவ்வொரு வாரமும் கழற்றிப் பூட்டி அலுத்துவிட்டது.

பதில் 1

அலுமினியம் போடாதீர்கள், தயவுசெய்து. நான் போட்டேன். ஆர்ம் உடையவில்லை என்பது உண்மைதான். ஆனால் இரண்டாவது வாரம் பல்க்ஹெட் (ஆர்ம் மாட்டியிருக்கும் முன்பக்கச் சட்டம்) விரிந்துவிட்டது. ஆர்ம் மாற்ற இரண்டு ஹிஞ்ச் பின் (ஆர்ம் அசைவதற்கான கீல் கம்பி) கழற்றினால் போதும். பல்க்ஹெட் மாற்ற மொத்த முன்பக்கத்தையும் பிரிக்க வேண்டும். இடியின் ஆற்றல் எங்கேயாவது போய்த்தான் ஆக வேண்டும். நைலான் ஆர்ம் வளைந்து அதை வாங்கிக்கொள்ளும். அலுமினியம் அப்படியே அடுத்த பாகத்துக்குத் தள்ளிவிடும். போதாக்குறைக்கு அது ஒருமுறை லேசாக வளைந்தால் திரும்ப வராது, வளைந்தது கண்ணுக்கும் தெரியாது. அன்றிலிருந்து வண்டி நேராக ஓடாது.

3எஸ் விஷயத்துக்கு வருகிறேன். 7.4 வோல்ட் 11.1 ஆகிறது. கியரை மாற்றாமல் விட்டிருந்தால் வேகம் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. இடியின் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும், அதாவது 2.25 மடங்கு. அதே குழாய், அதே ஆர்ம், இரண்டு மடங்குக்கும் மேல் அடி. பினியனை (மோட்டார் முனையில் இருக்கும் பல்சக்கரம்) சின்னதாக மாற்றினீர்களா?

கேட்டவர்

பினியனை மாற்றவில்லை. மோட்டாரும் நன்றாகச் சூடாகிறது. சரி, இன்றைக்கே மாற்றுகிறேன். ஆனால் 3எஸ்தான் காரணம் என்றால் இடது பக்கமும் ஒருமுறையாவது உடைந்திருக்க வேண்டாமா?

பதில் 2

சரியான கேள்வி. ஒரே பக்கம் நான்கு முறை உடைகிறது என்றால் அந்தப் பக்கத்தில் வேறு ஏதோ தவறாக இருக்கிறது. ஆர்மை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் அது பிடிபடாது.

முதலில், ஆர்ம் எந்த இடத்தில் உடைகிறது? சக்கரத்துப் பக்க ஓட்டையிலா, நடுவிலா, உள்பக்கக் காதிலா (பின் நுழையும் ஓட்டை உள்ள முனை)? அதைச் சொல்லுங்கள்.

அப்புறம் இதைச் செய்து பாருங்கள். முன்பக்க ஷாக் (அதிர்வைத் தாங்கும், எண்ணெய் நிரப்பிய ஸ்பிரிங் குழல்) இரண்டின் கீழ் முனையையும் கழற்றிவிடுங்கள். சக்கரங்கள் இருக்கட்டும். ஒரு பக்க ஆர்மைக் கையால் மேலே தூக்கி விடுங்கள். தன் எடையாலேயே கீழே விழ வேண்டும். பாதியில் நின்றாலோ, மெதுவாகச் சறுக்கினாலோ எங்கோ பிடிக்கிறது என்று அர்த்தம். உள்பக்க ஹிஞ்ச் பின்னை உருவி ஒரு கண்ணாடி மேல் வைத்து உருட்டுங்கள். வளைந்திருந்தால் தத்தித் தத்தி உருளும், கண்ணால் பார்ப்பதைவிட இதில் சுலபமாகத் தெரியும்.

கழற்றியதோடு கழற்றியதாக ஷாக் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து முழுசாக நீட்டி நீளத்தை ஒப்பிடுங்கள். ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு ஷாஃப்டை (ஷாக்கின் நடுக்கம்பியை) உள்ளே தள்ளி, எது எப்படித் திரும்பி வருகிறது என்பதையும் கவனியுங்கள்.

கேட்டவர்

எல்லாம் உள்பக்கக் காதிலேயே, பின் போகும் இடத்தில்தான் உடைந்திருக்கின்றன. பழைய துண்டுகளை எடுத்து வைத்திருந்தேன், நான்கும் ஒரே மாதிரி.

சோதனையும் செய்தேன். இடது ஆர்ம் பொத்தென்று விழுந்தது. வலது பக்கம் பாதியிலேயே நின்றுவிட்டது, விரலால் தள்ளினால்தான் இறங்குகிறது. ஹிஞ்ச் பின் கண்ணாடியில் தத்துகிறது. ஆர்மை மட்டும் நான்கு முறை மாற்றினேன், அதே பழைய பின்னைத்தான் திரும்பத் திரும்பப் போட்டிருக்கிறேன். வலது ஷாக்கைத் தள்ளினால் உள்ளே சளக் சளக் என்று சத்தம் வருகிறது. எண்ணெய் பாதிகூட இல்லை.

பதில் 2

அப்படியானால் கதை இப்படிப் போயிருக்கும். முதல் இடியில் ஆர்ம் உடைந்தது, கூடவே பின்னும் வளைந்தது. நீங்கள் புது ஆர்மை வளைந்த பின்னில் மாட்டினீர்கள். காது ஓட்டை நேராகத்தான் இருக்கும், பின் நேராக இல்லை. அதனால் பூட்டும்போதே காது இழுபட்டு நிற்கிறது. வண்டி சும்மா நிற்கும்போதுகூட அந்த இடத்தில் அழுத்தம் இருக்கிறது. மேலே ஷாக்கும் காலி. இறங்கும் அடியைத் தாங்க வேண்டிய எண்ணெய் இல்லாததால் சஸ்பென்ஷன் ஒரே மூச்சில் கடைசிவரை போய் முட்டுகிறது. நான்காவது முறை எதிலும் இடிக்காமல் உடைந்தது இதனால்தான்.

இதையும் யோசியுங்கள். இடது வளைவில் எடை அதிகமாக வலது பக்கத்துக்கு, முன் வலது சக்கரத்துக்கும் வரும். அந்தச் சக்கரத்தின் ஆர்ம் பிடித்துக்கொண்டிருந்தால் டயர் மேடு பள்ளத்தோடு ஏறி இறங்காது, தரையை விட்டு விட்டுத் தொடும். பிடிமானம் போகும், வண்டி வளையாமல் வெளியே தள்ளும். வெளியே என்ன இருக்கிறது? குழாய். அதில் முதலில் படுவது எது? முன் வலது சக்கரம். ஆக சஸ்பென்ஷனில் இருக்கிற கோளாறுதான் உங்களைத் திரும்பத் திரும்ப அந்தக் குழாயில் கொண்டுபோய் விடுகிறது. வலது வளைவில் வண்டி ஒழுங்காகத் திரும்பியிருக்குமே?

கேட்டவர்

ஆமாம்! வலது வளைவில் பிரமாதமாகத் திரும்பும். இடது வளைவு எனக்குச் சரியாக ஓட்டத் தெரியவில்லை என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். ட்ரான்ஸ்மிட்டரில் ட்ரிம்மைக்கூட (வண்டி நேராக ஓடத் திருத்தும் அமைப்பு) இடது பக்கமாகக் கொஞ்சம் தள்ளி வைத்திருக்கிறேன்.

பதில் 2

ட்ரிம்மை நடுவுக்குக் கொண்டுவந்துவிடுங்கள். பின் இரண்டையும் புதிதாக மாற்றுங்கள், இடது பக்கமும் சேர்த்து. பின் விலை அதிகமில்லை, அதில் சிக்கனம் வேண்டாம். ஷாக்கில் ஓ-ரிங் (எண்ணெய் கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையம்) தேய்ந்திருக்கும், அதை மாற்றாமல் எண்ணெய் மட்டும் ஊற்றினால் ஒரே வாரத்தில் திரும்பவும் காலியாகும். ஷாஃப்டில் கீறல் இருந்தால் அதையும் மாற்றுங்கள், கீறல்தான் ஓ-ரிங்கைத் தின்னும். எண்ணெய் ஊற்றியதும் பிஸ்டனை மெதுவாக ஏற்றி இறக்கிக் காற்றுக் குமிழ் எல்லாம் மேலே வரும்வரை காத்திருங்கள். அவசரப்பட்டு மூடுவதால்தான் பாதிப் பேருடைய ஷாக் இரண்டு பக்கமும் இரண்டு விதமாக வேலை செய்கிறது. முன்பக்கத்துக்கு 35 டபிள்யூடி (எண்ணெயின் அடர்த்தியைக் குறிக்கும் எண்), பின்பக்கத்துக்கு 30 என்று தொடங்குங்கள். முன்பக்கம் இரண்டிலும் ஒரே எண்ணெய், ஒரே அளவு. அதுதான் முக்கியம்.

பதில் 3

புது ஆர்ம் போடும் முன் ஒன்று செய்யலாம். நைலான் தண்ணீரை உறிஞ்சும். உலர்ந்து கிடக்கும் நைலான் மொரமொரப்பாக இருக்கும், ஈரம் ஏறியது வளைந்து கொடுக்கும். ஆர்மை 15 நிமிடம் கொதிநீரில் போட்டு, அந்தத் தண்ணீரிலேயே ஆற விடுங்கள். சமையலுக்குப் பயன்படுத்தாத பாத்திரமாக எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணாடி இழை கலந்த விறைப்பான ஆர்ம் வேண்டாம். அது வண்டியைக் கூர்மையாகத் திருப்பும், ஆனால் குழாயில் பட்டால் வளையாமல் உடையும். பழகும் காலத்தில் சாதா நைலானே நல்லது.

இன்னொரு சந்தேகம். ஜம்ப்பில் வண்டி மூக்கு எப்படி இறங்குகிறது?

கேட்டவர்

பெரும்பாலும் மூக்கு மேலே தூக்கிக்கொள்கிறது. சில சமயம் அப்படியே பின்னால் மல்லாந்துவிடுமோ என்று பயந்து த்ராட்டிலை விட்டுவிடுவேன்.

பதில் 3

ஷார்ட் கோர்ஸ் பாடிக்கு அடியில் காற்று மாட்டிக்கொண்டு பாராசூட் மாதிரி தூக்கும். பாடியின் பின் ஓரங்களில் காற்று வெளியேற ஓட்டை வெட்டுங்கள். மூலைகளை வளைவாக வெட்ட வேண்டும், கூர்மையாக விட்டால் அங்கிருந்துதான் விரிசல் ஓடும்.

காற்றில் இருக்கும்போது வண்டியைக் கையாள முடியும் என்பதையும் பழகிக்கொள்ளுங்கள். மூக்கு மேலே போனால் பிரேக்கைச் சட்டென்று ஒரு தட்டு, சக்கரச் சுழற்சி நின்று மூக்கு இறங்கும். மூக்கு கீழே போனால் த்ராட்டில், மூக்கு எழும். ஆனால் முழு த்ராட்டிலோடு தரையில் விழாதீர்கள். சக்கரம் வண்டியின் வேகத்தைவிட வேகமாகச் சுற்றிக்கொண்டிருக்கும்போது தரை பட்டால், அந்த அதிர்ச்சி நேராக டிஃப் (டிஃபரன்ஷியல்) பல்லுக்கும் டிரைவ் ஷாஃப்டுக்கும் போகும். ஸ்லிப்பர் கிளட்ச் (திடீர்ச் சுமை வந்தால் வழுக்கிக் கொடுக்கும் பாகம்) இருப்பதே அதற்காகத்தான். பின் சக்கரம் இரண்டையும் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு த்ராட்டிலைத் தொட்டுப் பாருங்கள். ஸ்லிப்பர் கொஞ்சமும் வழுக்காமல் முன்பக்கம் உயரமாகத் தூக்கினால் அதைத் தளர்த்த வேண்டும். லேசாகத் தூக்கி, ஸ்லிப்பர் வழுக்கினால் சரி.

கேட்டவர்

பத்து நாள் கழித்து எழுதுகிறேன். நான்கு பின்னும் புதிது, ஓ-ரிங் புதிது, ஷாக் இரண்டும் ஒரே மாதிரி திரும்பி வருகின்றன. ஆர்மைக் கொதிநீரில் போட்டேன். பினியன் இரண்டு பல் குறைத்தேன், மோட்டார் சூடு நன்றாகக் குறைந்திருக்கிறது. ட்ரிம் நடுவில்.

ஆறு பேட்டரி ஓட்டியாயிற்று. அதே இடது வளைவில் இரண்டு முறை குழாயில் பட்டது, ஆனால் உரசல்தான், வண்டி தானாகவே திரும்பிவிட்டது. ஆர்ம் முழுசாக இருக்கிறது. முதல் ரவுண்டில் அந்த வளைவில் வண்டி உள்பக்கமாகத் திரும்பியதைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டேன், அவ்வளவு சந்தோஷம்.

ஒன்று மட்டும் மிச்சம். இப்போது வளைவிலிருந்து வெளியேறும்போது த்ராட்டில் கொடுத்தால் பின்பக்கம் சுழல்கிறது. முன்பு இப்படி இல்லை.

பதில் 2

முன்பு முன்பக்கத்துக்குப் பிடிமானமே இல்லை, அதனால் பின்பக்கம் வழுக்கியது தெரியவில்லை. பின் டயர் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று முதலில் பாருங்கள், முள் (டயரின் மேலிருக்கும் சிறு முனைகள்) வட்டமாகிப் போயிருந்தால் வேறு எதை மாற்றியும் பயனில்லை. டயர் நன்றாக இருந்தால் பேட்டரியை ஒரு படி பின்னால் தள்ளி ஓட்டுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், அப்போதுதான் எது வேலை செய்தது என்று தெரியும்.

கேட்டவர்

முள் உண்மையிலேயே வட்டமாகத்தான் இருக்கிறது. புது டயர் போட்டுவிட்டு வருகிறேன்.