வாசக் கதவுக்குப் பேய்ப் பூவளையம்: செஞ்சவங்க அனுபவம் சொல்லுங்க

கனகாம்பரம் (நியூ ஜெர்சி):
அக்டோபர் பிறந்தா, பேய் வேஷம் போட்டுக் கொண்டாடுற ஹாலோவீனுக்காக எங்க தெருவுல வீட்டுக்கு வீடு புல்வெளியில எலும்புக்கூடு முளைச்சிடும். எனக்கு அவ்வளவு ஆர்ப்பாட்டம் ஒத்துவராது. திராட்சைக் கொடி வளையம் ஒண்ணு, கறுப்பு ரோஜா, காய்ஞ்ச கோழிக்கொண்டை, நடுவுல சின்னதா ஒரு மண்டை ஓடு. கதவுல மாட்டினா ஹாலோவீன் அலங்காரம் முடிஞ்சது.

2024-ல தீபாவளியும் ஹாலோவீனும் ஒரே நாள்ல வந்துச்சே, அக்டோபர் 31. அப்ப மாமியார் மதுரையிலேர்ந்து வந்திருந்தாங்க. கதவைப் பார்த்ததும், "ஏம்மா, நல்ல நாளும் அதுவுமா எழவு வீடு மாதிரி வளையத்தை மாட்டி வெச்சிருக்க?"ன்னாங்க. இங்க வருஷம் முழுக்க எல்லார் கதவுலயும் ஏதாவது ஒரு வளையம் தொங்கும் அத்தைன்னு சொல்லிப் பார்த்தேன். ம்ஹூம். கடைசியில ஒரு ஏற்பாடு: காலையில எண்ணெய்க் குளியல், மாவிலைத் தோரணம், கோலம். சாயங்காலம் விளக்கேத்தின பிறகு தோரணம் நிலைப்படியில, வளையம் கதவுல.

மிட்டாய் கேட்டுப் பிள்ளைங்க வர ஆரம்பிச்சதும் மாமியாருக்கே உற்சாகம் வந்துடுச்சு. "பயமுறுத்தணும்னா ஒழுங்கா பயமுறுத்தணும், திருஷ்டி பொம்மைக்கு இருக்குற மாதிரி நாக்கு எங்க?"ன்னு கேட்டு, சிவப்புத் துணியை வெட்டி அவங்களே ஒட்டினாங்க. நாக்கு நெஞ்சு வரைக்கும்னு சொல்லலாம், மண்டை ஓட்டுக்கு நெஞ்சு இருந்திருந்தா! அன்னிக்கு எல்லாப் பிள்ளைங்களும் நின்னு பார்த்தது அதைத்தான்.

வெயில்காரி (டாலஸ்):
நாக்கு பிரமாதம் 😂 எங்க ஊர்ல பிரச்சினை பேய் இல்ல, வெயில். மேற்கு பார்த்த வாசல், கதவு கரு நீலம், அதுக்கு வெளியே கண்ணாடிக் கதவு வேற. அக்டோபர் மத்தியானத்துல நடுவுல சிக்கின சூடு ஹாட் க்ளூவை (உருக்கி ஒட்டுற பசை) இளக்கிடும். பூ ஒவ்வொண்ணா உதிரும். அதனால பூ எல்லாத்தையும் மெல்லிசுக் கம்பியில, நாருல பிச்சிப்பூ கட்டுற மாதிரி ரெண்டு சுத்து சுத்தி முடிச்சுப் போட்டுடுவேன். க்ளூ குட்டிச் சிலந்திகளுக்கு மட்டும். காந்தக் கொக்கி வாங்குறதுக்கு முன்னாடி கதவு இரும்பான்னு பாருங்க, ஃபைபர் கிளாஸ்னா ஒட்டாது. கதவு மேல மாட்டுற பட்டைக் கொக்கி எல்லாத்துக்கும் சரிப்படும்.

தோட்டக்காரி (சியாட்டில்):
கறுப்புப் பூ பத்தி ரெண்டு வார்த்தை. சுத்தக் கறுப்புல நிஜப் பூ கிடையாது, எல்லாம் அடர் அரக்கு, இல்லேன்னா ஊதாதான். என் தோட்டத்துல 'அரேபியன் நைட்' டேலியா இருக்கு. நிழல்ல பார்த்தா கறுப்புன்னே சத்தியம் பண்ணலாம். ஆனா பறிச்சு வளையத்துல குத்தினா சீக்கிரமே தொங்கிடும், முதல் உறைபனியோட செடியும் போயிடும். விருந்து அன்னிக்கு மட்டும்னா நிஜப் பூ, மாசம் முழுக்கன்னா துணிப்பூவுக்கு ஸ்ப்ரே. முழுசா அடிக்காதீங்க. பளபளப்பில்லாத கறுப்பைத் தள்ளி நின்னு தூவி, உள் இதழ்ல பழைய சிவப்பு கொஞ்சம் தெரியுற மாதிரி விட்டாத்தான் அழுகின பூ மாதிரி இருக்கும். முழுக் கறுப்புல தூரத்துலேர்ந்து பார்த்தா வெறும் பொத்தலாத்தான் தெரியும்.

தெர்மகோல் மண்டை ஓட்டுல ஸ்ப்ரே பெயின்ட் பட்டா அதுல இருக்குற கரைப்பான் தெர்மகோலை அரிச்சிடும். நான் வேணும்னே அடிப்பேன், கன்னத்துல குழி குழியா விழுந்து ரொம்ப இயற்கையா வரும் (வெளியில வெச்சு அடிங்க). மொழுமொழுன்னு வேணும்னா தண்ணியில கரையுற அக்ரிலிக் பெயின்ட்.

குருவிவீடு (வட கரோலினா):
என் வளையத்துக்கு நிஜமாவே ஆள் குடி வந்துச்சு. எங்க வீட்டு மண்டை ஓட்டுக்கு டிசம்பர்ல கிறிஸ்துமஸ் தொப்பி, பிப்ரவரியில காகித இதயம், கழட்டுறதே இல்ல. வசந்தம் வந்ததும் ஹவுஸ் ஃபிஞ்ச் ஜோடி ஒண்ணு, ஆணுக்குத் தலையும் நெஞ்சும் சிவப்பு, மண்டை ஓட்டுக்குப் பின்னாடி கூடு கட்டிடுச்சு. எட்டிப் பார்த்தா வெளிர் நீல முட்டை. இந்தக் குருவி 1918-ல வந்த வலசைப் பறவைச் சட்டத்துக்குள்ள வருது. முட்டையோ குஞ்சோ இருக்குற கூட்டைக் கலைக்கக் கூடாது. அடைகாக்க ரெண்டு வாரம், குஞ்சு பறக்க இன்னும் ஏறக்குறைய அவ்வளவு. அத்தனை நாளும் எல்லாரும் கராஜ் வழியாத்தான் போக்குவரத்து. கொரியர்காரருக்கு "குருவி இருக்கு, மணி அடிக்காதீங்க"ன்னு அட்டை வேற.

அதிலேர்ந்து ஒண்ணுல கறாரா இருக்கேன்: பஞ்சு மாதிரி இழுத்து விடுற பொய்ச் சிலந்திவலையை வாசலுக்கு வெளியே போடுறதில்ல. குருவி, தேனீ எல்லாம் அதுல மாட்டிக்கும். வலை வேணும்னா கனமான நூல்ல அகலமா இடைவெளி விட்டுப் பின்னிக்கலாம். பார்க்கவும் அதுதான் நல்லா இருக்கு, பஞ்சு வலை என்னமோ கிழிஞ்ச தலையணை.

கனகாம்பரம்:
ஐயோ, அழகு! குஞ்செல்லாம் போன பிறகு வளையம் என்ன ஆச்சு?

குருவிவீடு:
ஒரே எச்சம், செள்ளு. கையுறை போட்டுக் குப்பைக்கு அனுப்பிட்டேன். மண்டை ஓட்டை மட்டும் சோப்புத் தண்ணியில கழுவி எடுத்து வெச்சிருக்கேன். நாக்கோட அளவு அத்தைகிட்ட கேட்டுச் சொல்லுங்க.