போட்டில் இன்வெர்ட்டர் நிரந்தரமாகப் பொருத்தியவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

காசிமேடு ஃபைபர்:
போன ஆடியில் 1000 வாட் இன்வெர்ட்டர் மாட்டினோம். ஒயர் வீட்டு வேலையில் மிஞ்சியது, 6 ஸ்கொயர் (சதுர மி.மீ. கனம்). ஒயர் நுனியில் மாட்டும் உலோக வளையம் இருக்கிறதே, லக், அதைச் சுத்தியலால் தட்டித்தான் இறுக்கினோம். எண்ணூர் தாண்டி, ராத்திரி 2 மணி இருக்கும். தம்பி டீக்குக் கெட்டிலை மாட்டினான். ரப்பர் கருகும் வாடை. திரும்பினால், பேட்டரி முனையில் அந்த லக் பீடி நுனி மாதிரி சிவந்து கிடக்கிறது. கை எட்டும் தூரத்தில் நைலான் வலைக் குவியல். பிளக்கைப் பிடுங்கிவிட்டேன். ஆனால் ஃபியூஸ் கடைசி வரை போகவே இல்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

ஒற்றியூர் குப்பம்:
அண்ணே, எங்களுக்கு நெருப்பு இல்லை, ஆனால் பயம் அதே பயம்தான். எஞ்சினுக்கும் இன்வெர்ட்டருக்கும் ஒரே பேட்டரி. ராத்திரி முழுக்க இரண்டு பல்பு, மூன்று போன். விடியற்காலை செல்ஃப் அடித்தால் 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். துறைமுகத்துக்குப் போகிற கப்பல் ஒன்று எங்கள் பக்கம் வந்துகொண்டிருந்தது. அப்பா எதுவும் பேசாமல் டார்ச்சை ஆட்டிக்கொண்டே நின்றார். அந்த முதுகு இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. பக்கத்து போட்டுக்காரர் கயிறு போட்டு இழுத்தார்.

எண்ணூர் எலக்ட்ரீஷியன்:
தம்பி, ஃபியூஸைக் குறை சொல்லாதீர்கள். அது கரண்ட் அளவு மீறினால்தான் போகும். உங்களுக்குச் சூடு வந்தது தளர்ந்த இணைப்பில், கரண்ட் அளவுக்குள்தான் இருந்திருக்கும். 12 வோல்ட்டில் 1000 வாட் என்றால் 83 ஆம்பியர், இழப்பும் சேர்ந்தால் 100ஐ நெருங்கும். அதற்கு 6 ஸ்கொயரா? 35 ஸ்கொயர் போடுங்கள், நீளம் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. லக்கை கிரிம்பிங் டூலில்தான் அழுத்த வேண்டும். 150 ஆம்பியர் ஃபியூஸ், பேட்டரி பாசிட்டிவிலிருந்து ஒரு சாணுக்குள். அது இன்வெர்ட்டர் பக்கம் இருந்தால் நடுவில் ஒயர் உரசி ஷார்ட் ஆகும்போது காப்பாற்ற எதுவும் இல்லை.
குப்பத்துத் தம்பிக்கு: பல இன்வெர்ட்டர் 10.5 வோல்ட்டுக்கு இறங்கினால்தான் நிற்கும். செல்ஃப் அதற்கு முன்பே படுத்துவிடும். எஞ்சினுக்குத் தனி பேட்டரி வையுங்கள். பல்புக்கும் போனுக்கும் இன்வெர்ட்டரே வேண்டாம், 12 வோல்ட்டிலேயே எரியும்.
இன்னொன்று. ஒரு லாஞ்சில் பேட்டரிப் பெட்டிக்கு நேர் மேலே மாட்டியிருந்த இன்வெர்ட்டரைத் திறந்தேன், உள்ளே செம்பெல்லாம் பச்சை பூத்திருந்தது. சார்ஜ் ஏறும்போது வரும் ஆசிட் புகை ஒரு பக்கம், உப்புக்காற்று ஒரு பக்கம். தள்ளி, உயரமாக, காற்று ஓடும் இடத்தில் மாட்டுங்கள். வெள்ளீயம் பூசிய செம்பு ஒயர்தான் கடலுக்குத் தாங்கும்.

காசிமேடு ஃபைபர்:
சரி அண்ணே, இப்போது புரிகிறது. ஆனால் பல்புக்கு மட்டும் இல்லை, வலைக்காரர் டிரில்லும் ஓட வேண்டும், அதனால் இன்வெர்ட்டரை எடுக்க மாட்டேன். வெள்ளீயம் பூசிய ஒயர் வண்ணாரப்பேட்டையில் இரண்டு கடையில் கேட்டேன், இல்லை. யாரிடமாவது 3 மீட்டர் இருந்தால் சொல்லுங்கள். அதுவரை கெட்டில் வீட்டில்தான்.