ஆமை துள்ளிப் பாய்கிறது, ஆனால் தீனி உள்ளே போகவில்லை. என்ன செய்யலாம்?

ஈரஓடு:
வணக்கம். என் ஆமை ரெட் இயர்டு ஸ்லைடர் என்ற நீர் ஆமை, ஓட்டின் நீளம் 9 செ.மீ. தொட்டியில் 120 லிட்டர் தண்ணீர், கேனிஸ்டர் ஃபில்டர் (தொட்டிக்கு வெளியே நிற்கும் வடிகட்டி), ஹீட்டர். வெயில் காயும் மேடைக்கு மேலே வெப்ப விளக்கும் யூவிபி (புற ஊதாக் கதிர்) குழல் விளக்கும் உண்டு. ஆள் பக்கத்தில் போனாலே கண்ணாடியில் முட்டி முட்டி நீந்துகிறது, முன்காலால் பிறாண்டுகிறது. மிதக்கும் பெல்லட் (உருண்டைத் தீனி) போட்டால் பாய்ந்து வந்து வாயைத் திறக்கிறது. ஒன்றிரண்டைக் கடித்துத் துப்பிவிட்டு மறுபடி கண்ணாடிக்கே ஓடிவிடுகிறது. காய்ந்த இறாலை மட்டும் விழுங்குகிறது. ஆறு நாளாக இதே கதை. நோயா, அடமா?

நீர்க்கரை:
முதலில் நோய் இல்லை என்று உறுதி செய்துகொள்வோம். ஒரு பக்கமாகச் சாய்ந்து நீந்துகிறதா? மூக்கில் நுரையோ குமிழோ வருகிறதா? மேடையில் வாயைப் பிளந்து மூச்சு வாங்குகிறதா? கண் வீங்கி மூடியிருக்கிறதா? ஒன்று இருந்தாலும் இங்கே காத்திருக்க வேண்டாம், ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

இல்லையென்றால் இரண்டு அளவு சொல்லுங்கள். தண்ணீர் எத்தனை டிகிரி, மேடையில் ஆமையின் முதுகு இருக்கும் உயரத்தில் எத்தனை டிகிரி? ஹீட்டரில் திருகி வைத்த எண்ணை நம்பாதீர்கள். ஹீட்டருக்கு எதிர் மூலையில் தனி தெர்மாமீட்டர் வைத்துப் பாருங்கள். யூவிபி விளக்கு எத்தனை மாதம் பழையது என்பதும் வேண்டும்.

ஈரஓடு:
தண்ணீர் 26, மேடை 28. யூவிபி விளக்கு 14 மாதம் ஆகிறது, தொட்டியின் கண்ணாடி மூடி மேல் வைத்திருக்கிறேன். நீங்கள் சொன்ன அறிகுறி எதுவும் இல்லை. கண் தெளிவாக இருக்கிறது, நேராக நீந்துகிறது.

நீர்க்கரை:
தண்ணீர் சரி. மேடைதான் குளிர்ச்சி, 32 முதல் 35 வரை வேண்டும். ஆமைக்கு உடம்புச் சூடு வெளியிலிருந்துதான் வர வேண்டும். அது போதாவிட்டால் செரிமானம் மந்தமாகி, பசியும் குறையும். வெப்ப விளக்கைக் கொஞ்சம் இறக்குங்கள், அல்லது ஒரு படி கூடுதல் வாட் போடுங்கள்.

யூவிபியில் இரண்டு தவறு இருக்கிறது. சாதாரணக் கண்ணாடி அந்தக் கதிரைக் கிட்டத்தட்ட முழுவதும் தடுத்துவிடும். குழலும் வெளிச்சம் தந்துகொண்டே இருக்கும், ஆனால் கதிர் மங்கிப்போகும். அதனால் 6 முதல் 12 மாதத்துக்குள், வகையைப் பொறுத்து, மாற்றிவிட வேண்டும். மூடியை எடுத்துவிட்டு, புதுக் குழலை அதன் அட்டைப் பெட்டியில் அச்சிட்டிருக்கும் தூரத்தில் மாட்டுங்கள். இரண்டு விளக்கும் ஒரு நாளைக்கு 10 முதல் 12 மணி நேரம் எரியட்டும்.

மெதுநடை:
விளக்கைச் சரிசெய்தாலும் இந்தத் துள்ளல் தனிப் பிரச்சினை. அதைச் சொல்கிறேன்.

தீனி போடும்போது கண்ணாடிக்குப் பக்கவாட்டில் நின்று உற்றுப் பாருங்கள். ஆமை வேகமாக வரும்போது அதன் தலைக்கு முன்னால் சின்ன அலை எழும். மிதக்கும் பெல்லட் அந்த அலையிலேயே நகர்ந்துவிடும். வாய் திறக்கும், மூடும், கிடைத்தது வெறும் தண்ணீர். ஃபில்டர் ஓட்டமும் சேர்ந்தால் பெல்லட் மூலைக்குப் போய்விடும். அதற்குள் உங்கள் நிழல் அசையும், பெல்லட் மறந்துபோகும். காய்ந்த இறால் நீளமானது, கவ்வ வாகானது, அதனால் சிக்கிவிடுகிறது. உங்களைக் கண்டால் இறால் வரும் என்று அது பழகியும்விட்டது. கண்ணாடியில் முட்டுவது பெரும்பாலும் அதைக் கேட்டுத்தான்.

இன்னொன்று, ‘துப்புகிறது’ என்பதை எண்ணிப் பார்க்காமல் முடிவு செய்யாதீர்கள். வாயில் கவ்வியதை முன்காலால் கிழித்தும் தின்னும். வாயோரம் தூள் பறப்பது சாப்பிடுவதன் அடையாளமாகவும் இருக்கும். பத்து பெல்லட் போட்டு, அரை மணி கழித்து மிச்சத்தை எண்ணுங்கள்.

செய்ய வேண்டியது: இறாலைத் தீனியாகக் கொடுப்பதை அடியோடு நிறுத்துங்கள், வாசனைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். தொட்டியின் மூன்று பக்கமும் வெளியிலிருந்து காகிதம் ஒட்டுங்கள், ஆள் நடமாட்டமும் பிம்பமும் மறையும். விளக்கு போட்டு இரண்டு மணி நேரம் கழித்து, வெயில் காய்ந்து இறங்கிய பிறகு தீனி. ஃபில்டரை 15 நிமிடம் நிறுத்துங்கள், மறக்காமல் திரும்பப் போடுங்கள். நீண்ட நேரம் நின்றால் உள்ளே கழிவைச் சிதைக்கும் நல்ல பாக்டீரியா ஆக்சிஜன் இல்லாமல் சாகும், கழிவிலிருந்து வரும் அமோனியா ஏறும். அமோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யமாக இருக்க வேண்டும்.

இரண்டு இறாலை மூன்று ஸ்பூன் வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவையுங்கள். அந்தத் தண்ணீரில் பெல்லட்டை ஒரு நிமிடம் மட்டும் நனையுங்கள், அதிகம் ஊறினால் கரைந்துவிடும். நுனி மழுங்கிய பிளாஸ்டிக் இடுக்கியால் ஒரு பெல்லட்டைப் பிடித்து, நீர்மட்டத்துக்கு இரண்டு செ.மீ. கீழே, அதன் மூக்குக்கு எதிரே அசையாமல் நீட்டுங்கள். பாய்ந்து வந்தால் பின்னுக்கு இழுக்காதீர்கள், இழுத்தால் துரத்தல் இன்னும் கூடும். கண்ணாடியில் முட்டிக்கொண்டிருக்கும்போது மட்டும் கொடுக்கவே கூடாது. ஒரு நிமிடம் அடங்கட்டும், பிறகு கொடுங்கள். விரலால் ஊட்டவும் வேண்டாம், விரலும் தீனியும் ஒன்றாகிவிடும்.

அளவு: கழுத்தை விட்டுவிட்டு, ஆமையின் தலை மட்டும் காலிக் கிண்ணம் என்று வைத்துக்கொண்டால் அதில் நிரம்பும் அளவு. இந்த வயதில் தினம் ஒரு முறை.

பாசிமேடு:
தனி டப்பாவில் விட்டு ஊட்டலாமே? தொட்டியும் அழுக்காகாது.

மெதுநடை:
அமைதியான ஆமைக்கு நல்ல வழி. ஆனால் தொட்டித் தண்ணீரையே, அதே சூட்டில், ஓடு மூழ்கும் ஆழத்துக்கு ஊற்ற வேண்டும். தண்ணீர் இல்லாமல் இதற்கு விழுங்க வராது. இந்த ஆமை தூக்கினாலே பதறும் சுபாவம், டப்பாவில் இன்னும் மிரளும். முதலில் தொட்டியிலேயே முயலட்டும்.

நீர்க்கரை:
பெரிய ஆமை வைத்திருப்பவர்கள் இதைப் படித்தால்: வளர்ந்த பெண் ஆமை தீனியை விட்டு, நிலைகொள்ளாமல் ஏறித் தப்பப் பார்த்தால், வயிற்றில் முட்டை இருக்கலாம். ஆண் இல்லாமலும் முட்டை உருவாகும். முட்டையிட ஈரமான மண்ணும் மணலும் கலந்த ஆழமான பெட்டி வேண்டும். இடம் கிடைக்காவிட்டால் முட்டை உள்ளேயே சிக்கிக்கொள்ளலாம்.

ஈரஓடு:
ஐந்தாம் நாள். மேடை 33 டிகிரி. முதல் இரண்டு நாள் இடுக்கியைக் கடித்தது. நேற்று பத்தில் ஆறு, இன்று பத்தில் எட்டு உள்ளே போனது. கீரையை மட்டும் தள்ளிவிடுகிறது.

பாசிமேடு:
குட்டிகள் கறித்தீனியைத்தான் அதிகம் தேடும், வளர வளர இலை பக்கம் வரும். அதுவரை ரோமைன் லெட்டூஸின் ஒரு இலையைக் கிளிப்பில் மாட்டித் தண்ணீருக்குள் தொங்கவிடுங்கள், மாலையில் மாற்றுங்கள். துருவிய கேரட்டும் கொஞ்சம் தூவுங்கள், வைட்டமின் ஏ குறைந்தாலும் கண் வீங்கும். ஐஸ்பெர்க் லெட்டூஸில் பெரிதாகச் சத்து இல்லை, பசலையில் உள்ள ஆக்சலேட் என்ற பொருள் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். கால்சியத்துக்கு, முதுகுப்பக்கக் கடினத் தோலை உரித்த கணவாய் ஓட்டுத் துண்டையும் மிதக்கவிடுங்கள், கொறிக்கும்.

நீர்க்கரை:
வாரம் ஒரு முறை, ஒரே நேரத்தில், ஈரம் துடைத்து, கிராம் காட்டும் தராசில் எடை போட்டுக் குறித்து வையுங்கள். தராசு இதற்கென்றே தனியாக இருக்கட்டும், தொட்டபின் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், ஆமையிடம் சால்மோனெல்லா என்ற நோய்க்கிருமி இருக்கலாம். அடுத்தடுத்து இரண்டு வாரம் எடை இறங்கினால், எத்தனை பெல்லட் தின்றாலும் சரி, மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.